சொல்லிவிட்டு எழுந்து போகாத டாக்டர் ஜைனப்

செய்தி வந்தபோது நான் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். மடியில் இருந்த போன் அடித்தது. யாரென்று பார்க்க முடியவில்லை. மருமகள் வாங்கி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என் காதில் வைத்தாள். டாக்டர் ஜைனப்பின் தம்பி பேசினார். "பாக்கியம் அக்கா, எங்க அக்கா காலைல மௌத்தாயிட்டா" என்றார். கண்ணைத் துடைக்கக்கூடாது, மருந்து போய்விடும் என்று அங்கிருந்த பெண் வந்து சொன்னாள். மருந்து அதற்குள் போய்விட்டிருந்தது.

கோவில்பட்டியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும், அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கும் டாக்டரம்மாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகள் அறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர்கள் இப்போது குறைந்துபோனோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் சென்னையில் குழந்தை மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குக் கடைத்தெருவில் கயிறு, வாளி, சாக்கு விற்கிற கடை. படித்த பெண் சென்னையிலேயே இருந்திருக்கலாமே என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் அவரிடம் கேட்டார்களாம். "எனக்கும் அதான் தெரியல, அவகிட்டயே கேளுங்க" என்று அத்தா கையை விரித்துவிடுவாராம். கோவில்பட்டியில் பிறந்து கடலைமிட்டாய் பிடிக்காத ஒரே ஆள், நான் பார்த்தவரை, டாக்டரம்மாதான். வருகிறவர்களெல்லாம் அதையே வாங்கிவந்து கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி என் மேஜை இழுப்பறைக்குள் போடுவார். என் பல் கெட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

நான் அப்போது பிரசவ வார்டில் நர்ஸ். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிரசவ அறையை ஒட்டிச் சாமான் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைத் தரும்படி அவர் ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய டாக்டரிடம் கேட்டார். பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறும் குழந்தைகளை அதுவரை நாங்கள் வாடகைக் காரில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பாதிக் குழந்தைகள் வழியிலேயே போய்விடும். இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார் ஜைனப். பெரிய டாக்டர் பலவாறு யோசித்துவிட்டு அறையைக் கொடுத்தார். எங்களுக்கு முதல் எதிரி கரிசல் தூசிதான். சித்திரையில் காற்று கிளம்பினால் மூடிய ஜன்னலுக்குள்ளும் கறுப்பாக வந்து படியும். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகி, காய்ந்ததும் மாற்றி, அந்த அறையை ஓர் அறையாக்கினோம்.

மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டும். குறைந்தால் உயிர் போகும். கூடினால், குறைமாதக் குழந்தைக்குக் கண் போகும். எவ்வளவு கொடுக்கலாம் என்பது தமனியில் ஓடும் ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். மதுரையில் அவருடன் படித்தவர் ஒருவர் புதிய இயந்திரம் வாங்கியபோது, ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும் பழைய இயந்திரத்தை இவர் கேட்டு வாங்கிவந்தார். ஆனால் உள்ளங்கை அகலமே உள்ள குழந்தையை ஒவ்வொரு முறையும் ஊசியால் குத்த முடியுமா? அதற்குத்தான் ஒரு குழாய் போடுவோம். வெட்டிய தொப்புள்கொடியின் நுனியில் குண்டூசித் தலை போல் இரண்டு தமனிகள் தெரியும். அதில் ஒன்றின் வழியாக நூல் போன்ற குழாயை உள்ளே செலுத்திவிட்டால், குழந்தைக்கு வலியில்லாமல் வேண்டும்போது ரத்தம் எடுக்கலாம்.

செலுத்துவதைவிட அது அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. நாம் உள்ளே விடும் திரவம் ஒரு கணம் நின்றாலும் ரத்தம் குழாய்க்குள் ஏறி உறைந்துவிடும். பெரிய ஊர்களில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும் பம்பு வந்திருந்தது. எங்களிடம் அது இல்லை. கிடைத்திருந்தாலும் மின்சாரம் போனால் நின்றுவிடும். அவர் ஒருநாள் அத்தா கடையிலிருந்து கிணற்றுக் கப்பி ஒன்றைக் கொண்டுவந்து கூரைச் சட்டத்தில் மாட்டச் சொன்னார். சலைன் பாட்டிலைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றினார். "பிள்ளை நெஞ்சு தள்ளுற தள்ளுக்கு மேல நம்ம தண்ணி நிக்கணும், பாக்கியம். அவ்வளவுதான் விஷயம்" என்றார். கூரையில் ஓட்டை போட்டதற்காகப் பெரிய டாக்டர் வருத்தப்பட்டார். அத்தா மட்டும் ஒருநாள் வந்து வாசலில் நின்றே கப்பியை அண்ணாந்து பார்த்தார். கிணற்றில் தண்ணீர் மேலே வரும், இங்கன கீழே போகுதே என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அந்தத் தண்ணீரில் ஹெபாரின் என்ற மருந்தைத் துளியளவு கலப்போம். ரத்தம் உறையாமல் தடுப்பது அது. அளவு கூடினால் குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசிந்துவிடும். அந்த மருந்து பல வீரியங்களில் வரும், குப்பிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் அறைக்குள் குறைந்த வீரியம் மட்டும்தான் வரலாம் என்பது அவர் போட்ட சட்டம். கலக்கும் முன் இருவர் லேபிளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் படிப்பது போல் நாங்கள் படிப்பதைக் கேட்டு வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை படிக்கும்போதே வீரியம் கூடிய குப்பி வந்திருப்பது தெரிந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. குடையைக்கூட எடுக்காமல் அந்த வெயிலில் தானே மருந்துக்கடைக்கு நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கலந்ததில் எங்களுக்குள் சின்னச் சந்தேகம் வந்தாலும், "கொட்டிருங்க. மருந்து வேற வாங்கிக்கிடலாம்" என்பார். அதற்கு மேல் விவாதம் கிடையாது.

இன்னொரு சட்டமும் இருந்தது. குழாய் போட்ட குழந்தையின் கால்கள் இரண்டும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். தொப்புள் தமனி காலுக்குப் போகும் தமனியோடு சேர்வதால், ஏதாவது தப்பு நடந்தால் முதலில் காலில்தான் தெரியும். பிள்ளைக்குக் குளிரும் என்று அத்தைமார்களும் சித்திமார்களும் காலை மூடிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் திறந்துகொண்டே இருப்போம். அவர் குழந்தைகளிடம் பேசுவது தனி அழகு. ஆண் பிள்ளையானால், "ஏலே, மூச்ச விடுலே." பெண் பிள்ளையானால், "ஏட்டி, எங்கள ஏன் இந்தப் பாடு படுத்துத?" சென்னைப் படிப்பெல்லாம் அந்த நேரம் எங்கோ போய்விடும்.

பசுவந்தனையிலிருந்து வந்த ராமலட்சுமியின் குழந்தையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

ராமலட்சுமி ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இந்த முறையும் மாதம் நிறையாமலே வலி கண்டுவிட்டது. நிலபுலம் உள்ள குடும்பம். புருஷன் அதிகம் பேசமாட்டான். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் அவனுடைய அண்ணன் கிருஷ்ணசாமி. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில மணி நேரத்திலேயே விலா எலும்புகள் உள்வாங்க மூச்சுக்குப் போராடியது. குழாய் போடும் முன் ஜைனப் கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறார், அதில் என்ன கெடுதல் வரலாம், காலுக்கு ரத்தம் போகாமல் ஆகலாம் என்பதுவரை சொன்னார். பெரிய டாக்டருக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. பட்டிக்காட்டு ஜனங்களைப் பயமுறுத்தாதே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜைனப் கேட்டுக்கொள்வார். அடுத்த குடும்பம் வரும்போது மறுபடியும் எல்லாவற்றையும் சொல்வார். கிருஷ்ணசாமி அன்று தலையை ஆட்டினார். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நினைத்திருப்பார்.

மறுநாள் உச்சிவெயில் நேரம். குழந்தையின் நிறம் தேறி, பிராணவாயுவைக் கொஞ்சம் குறைத்திருந்தோம். நான் கால்களைப் பார்க்கக் குனிந்தேன். வலது பாதம் வெளுத்து, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. கூப்பிட்டேன். அவர் வந்து தொட்டுப் பார்த்தார். இடது காலை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றச் சொன்னார். ஒரு காலைச் சூடாக்கினால் மற்றக் காலின் ரத்தக்குழாயும் சற்று விரியும் என்பது கணக்கு. காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. குழாயிலிருந்து ரத்தம் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பெரிய டாக்டரும் வந்துவிட்டார். கொஞ்சம் வேகமாகத் தண்ணீரைச் செலுத்தினால் அடைப்பு விடும், இந்தக் குழாய் போனால் குழந்தையும் போகும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜைனப் மாட்டேன் என்று தலையசைத்தார். "தள்ளுனா அந்த ரத்தக்கட்டி எங்கன போவும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, சார்" என்றார். பிறகு குழாயை மெதுவாக, மிக மெதுவாக உருவி எடுத்தார். நான் தொப்புளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் அறைக்குள் வந்த கிருஷ்ணசாமி காலைப் பார்த்துவிட்டார். மூச்சுக்கு வைத்தியம் பார்க்கக் கொண்டுவந்த பிள்ளைக்குக் கால் ஏன் கறுத்தது என்று கேட்டார். குரல் உயரவில்லை. பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜைனப் முந்திக்கொண்டார்.

"நான் போட்ட குழாயாலதான் அண்ணாச்சி. வேற காரணம் இல்ல."

அந்த அறையில் அப்படி ஒரு வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். கிருஷ்ணசாமியும் அப்படித்தான் போலிருக்கிறது. சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர், எதிரே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றார். ஜைனப் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையில் நிறம் வந்தது. முழங்காலுக்கு இறங்கியது. பாதம் வெதுவெதுப்பானது. கடைசி இரண்டு விரல்களின் நுனி மட்டும் கறுத்தே இருந்தது.

சாயங்காலம் மூச்சு மறுபடியும் மோசமானது. பிராணவாயுவைக் கூட்டினோம். எவ்வளவு கூட்டுவது என்று தெரியவில்லை. தொப்புள்கொடியில் இன்னொரு தமனி இருந்தது. கொடி காய்ந்துகொண்டிருந்ததால் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். கிருஷ்ணசாமி இனி எந்தக் குழாயும் வேண்டாம், பிழைத்தால் பிழைக்கட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. பெத்தவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம் என்று ஜைனப் அவரையும் அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். நானும் போனேன்.

ராமலட்சுமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மதியம் நடந்ததை ஜைனப் ஒன்றும் விடாமல் அவளிடம் சொன்னார். விரல் நுனி போய்விடலாம் என்பதையும் சொன்னார். கடைசியில், "இன்னொண்ணு போடலாம்னு நெனக்கேன். இதுவும் அடைக்கலாம். அடைச்சா உடனே எடுத்துருவேன். காலயும் பாப்பேன், உசுரயும் பாப்பேன். ரெண்டுக்கும் என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றார்.

மைத்துனருக்கு முன்னால் ராமலட்சுமி வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு தலைநிமிராமலே சொன்னாள்.

"அத்தான், இதுவரைக்கும் எல்லாரும் எங்கிட்ட ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாவ. துணியில சுத்தி என் கையில தாற வரைக்கும் அப்படித்தான் சொன்னாவ. இவியதான் ஆவும்னு சொல்லுதாவ. இவிய போடட்டும்."

கிருஷ்ணசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

இரண்டாவது குழாய் சீக்கிரமே போய் உட்கார்ந்தது. பாட்டிலைக் கூரைக்கு ஏற்றினோம். அன்றிலிருந்து அந்தச் சொட்டு நிற்கவில்லை. மின்சாரம் போய் விளக்கு அணைந்து, எங்கள் பழைய இயந்திரம் சும்மா கிடந்த வேளைகளிலும் அது தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மாறி மாறிக் காலையும் சொட்டையும் பார்த்தோம். கிருஷ்ணசாமியும் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. துணி கொஞ்சம் விலகி வந்து காலை மூடினால் அவரே எங்களைக் கூப்பிடுவார். ஒருநாள் காலையில் குழந்தை சாதாரணமாக மூச்சுவிட்டது. ஜைனப் குழாயை எடுத்துவிட்டு, "ஏட்டி, இனி நீயே பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கை கழுவினார். நான் பின்னால் போகவில்லை.

அந்த விரல்களின் நுனி காய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த அன்று அவர் ராமலட்சுமியைக் கூப்பிட்டு, கட்டை அவிழ்த்து, தானே காட்டினார். அதன்பின் யாருக்குக் குழாய் போடுவதானாலும், "ஒரு பிள்ளைக்கு என் கையால விரல் நுனி போயிருக்கு" என்பதையும் சேர்த்தே சொன்னார். இதைக் கேட்டால் யார் சம்மதிப்பார்கள் என்று பெரிய டாக்டர் கவலைப்பட்டார். சிலர் சம்மதிக்கவில்லை. அவர்களை மதுரைக்கு அனுப்பினோம். பெரும்பாலோர் சம்மதித்தார்கள். பஞ்சு விற்கக் கோவில்பட்டிக்கு வரும்போதெல்லாம் கிருஷ்ணசாமி ஆஸ்பத்திரிக்கு வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பயந்துபோய் இருக்கும் தகப்பன்மார்களிடம், "இந்தம்மா மொதல்ல நல்லாப் பயமுறுத்துவாவ. பொறுமையாக் கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் அவருக்கு என்மேல் கோபம் வரும். புதியம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தையல்காரரின் மகனுக்குக் குழாய் கடைசிவரை அடைக்கவே இல்லை. எல்லாம் சரியாகவே நடந்தது, ஆனாலும் குழந்தை போய்விட்டது. அன்று அவர் அந்தத் தகப்பனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓ.பி.யில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷன் தானாக எழுந்து, போயிட்டு வாரேன் என்று கும்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

ராமலட்சுமியின் மகள் நடக்கத் தொடங்கியபோது, அந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் பசுவந்தனைக்குப் போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வீட்டில் எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புஞ்சை ஓரத்துக்குப் போய் ஈரக் கரிசலில் இறக்கிவிட்டார். அது தத்தித் தத்தி நடந்தது. அவர் சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு, சேற்றில் பதிந்த அடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது அடியில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் குட்டையாக விழுந்திருந்தன. மற்றபடி இரண்டு காலும் ஒரே ஆழம். "நல்லாத்தான் ஊனுதா, பாக்கியம்" என்றார். செருப்பில் கரிசல் அப்பி, திரும்பி வரும்போது எங்கள் இருவராலும் நடக்கவே முடியவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம்.

அவரைக் கடைசியாக நான் பார்த்தது சில மாதங்களுக்கு முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில். சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் அவருடைய தம்பியை வராந்தாவுக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஜைனப் என்னை அனுப்பி அந்த டாக்டரை உள்ளே கூப்பிட்டார். "தம்பி, சீக்கு எனக்குத்தான வந்திருக்கு? அவன்கிட்ட ஏன் சொல்லுதீங்க?" என்று சிரித்தார். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கிளம்பத் திரும்பினார். இவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க. நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா சொன்ன ஒடனே போயிரக்கூடாது. சொல்லிட்டு அங்கனயே கொஞ்ச நேரம் இருக்கணும்."

அந்த டாக்டர் உட்கார்ந்தார். எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று இவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் போகும்போது கண் சிவந்திருந்தது.

இப்போது அந்தக் குழாய்களுக்கெல்லாம் நல்ல பம்பு வந்துவிட்டது. நான் கற்ற கைவேலை இனி யாருக்கும் தேவைப்படாது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பேச்சுதான்.

அவரை அடக்கம் செய்த அதே வாரத்தில் என் தங்கையின் மார்புக் கட்டிக்கான பரிசோதனை முடிவு வந்தது. வீட்டில் அந்த மாதிரித் தாளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவள் நான்தான். அவளை எதிரே உட்கார வைத்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நான் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினேன். பிறகு ஊன்றிய கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். வெளிச்சம் ஜன்னலைவிட்டு நகர்ந்து போகும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவள்தான் எழுந்து, உனக்குச் சீனி போடலாமா என்று கேட்டாள்.